ஒழுகிய கூரையும் முந்நூற்றைம்பது சொல்லும்

கலைக்களஞ்சியத்தின் ஏழாம் தொகுதி அச்சுக்குப் போக ஐந்து வாரமே இருந்தபோது, முன்னாள் பொதுப்பணித்துறை அமைச்சரின் மருமகன் அறுபத்திரண்டு பக்கங்களைக் கொண்டுவந்து உதவி ஆசிரியையின் மேசைமேல் வைத்தார்.

"எங்க மாமாவோட வாழ்க்கை வரலாறுங்க. வீட்ல எல்லாரும் சேர்ந்து உக்காந்து எழுதினது. ஒரு வரிகூட குறைக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லச் சொன்னாங்க."

மருமகன் பல் மருத்துவர். எதைச் சொல்லும்போதும் 'கொஞ்சம்கூட வலிக்காது' என்று சேர்த்துச் சொல்வதுபோன்ற முகம் அவருக்கு.

"உங்க மாமாவுக்கு நாங்க ஒதுக்கியிருக்கறது முந்நூத்தம்பதுங்க," என்றாள் அவள்.

"பக்கமா?"

"வார்த்தை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முந்நூத்தம்பது வார்த்தையில அவர் பள்ளிக்கூடத்தையே முடிச்சிருக்க மாட்டாரே!"

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பதினேழு வருடமாக அந்த மூன்றாம் மாடி அறையில், ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில், பிறர் எழுதியதை வெட்டுவதுதான் வேலை. அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் யாரும் அவ்வளவு மெதுவாகச் சொல்வதில்லை. அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு சான்று. ஆள் உயிரோடு இருந்தால் இரட்டைக் கவனம்.' முன்னாள் அமைச்சர் எழுபத்தொன்பது வயதில் நன்றாகவே உயிரோடு இருந்தார்.

மருமகன் போனதும் அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் 'தன்னிகரற்ற' நான்கு இடத்தில் இருந்தது. தன்னிகரற்றதற்கே நான்கு நிகர் இருக்கிறதே என்று நான்கையும் அடித்தாள். 'மக்களின் இதயங்களில் குடியிருப்பவர்' என்ற வரிக்குப் பக்கத்தில், 'முகவரி தருவது வழக்கமில்லை' என்று எழுதினாள். 'தொட்டிலிலேயே தலைமைப் பண்பு தெரிந்தது' என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு, 'பார்த்தவர் யார்?' என்று கேட்டாள். ஒன்பதாம் பக்கத்தில் அமைச்சர் தம் கைப்பட ஆற்றுப்பாலம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். பாலம் பதினொன்றாம் பக்கத்தில் மறுபடியும் வந்தது, இருபதாம் பக்கத்தில் கவிதையாக வந்தது.

மூன்று நாள் வெட்டியபின் முந்நூற்று நாற்பது சொல் மிஞ்சியது. பிறந்தார், படித்தார், நின்றார், வென்றார், தோற்றார், மறுபடி நின்றார், அமைச்சரானார், பள்ளிக் கட்டடங்கள் கட்டினார், பாலம் கட்டினார், பதவி போனது, ஓய்வுபெற்றார். எதிலும் பிழை சொல்ல முடியாது.

அன்று மாலை வீட்டில் அதைக் கணவனுக்குப் படித்துக்காட்டினாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவள் எழுதுகிற எல்லாவற்றுக்கும் முதல் வாசகன் அவன்தான். துணி மடித்துக்கொண்டே கேட்பான், நடுவில் கொட்டாவி விட்டால் அந்தப் பத்தியை அவள் திருத்திவிடுவாள். அன்றைக்கு இரண்டாவது வரியிலேயே வாயைப் பிளந்தான்.

"யாரும்மா இவர்? அரசாங்க ஆபீஸ் அலமாரி மாதிரி இருக்காரு."

"பொதுப்பணி அமைச்சரா இருந்தவர். உனக்குத் தெரியாதா?"

"யாரு, குடைக்காரரா?" அவன் போர்வையின் ஒரு முனையைக் கீழே போட்டுவிட்டான். "குடைக்காரர்னு சொல்லு! அவரை யாருக்குத் தெரியாது? இதுல குடையே காணோமே."

அவள் அறுபத்திரண்டு பக்கத்தையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். உண்மைதான். ஊரே அவரைக் குடைக்காரர் என்றுதான் சொல்லும். ஆனால் குடும்பம் எழுதிய ஒரு பக்கத்திலும் அந்தச் சொல் இல்லை.

"ஏன் அந்தப் பேரு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"வெயில் தாங்க மாட்டார்னு எங்கப்பா சொல்வாரு. எதிர்க்கட்சிக்குக் குடை பிடிச்சார்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்வாரு. எனக்கென்ன தெரியும்? நீதானே களஞ்சியம்."

மறுநாள் காலை மருமகனுக்குத் தொலைபேசினாள். பின்னால் பல் குடையும் கருவியின் சத்தம் கேட்டது. குடை என்றதும் அந்தச் சத்தம் நின்றது.

"அதெல்லாம் வேண்டாம் மேடம். எதிரிங்க கட்டிவிட்ட பேரு அது. அத்தை காதுல விழுந்தா எனக்குச் சோறு கிடையாது. பாலத்தை நல்லா எழுதுங்க, போதும்."

வேண்டாம் என்று ஒருவர் சொன்ன இடத்தில்தான் விஷயம் இருக்கும் என்பது அவள் அனுபவம். அன்று மதியமே ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் தடித்தடியாக அட்டை போட்டு அடுக்கியிருந்தன. அவர் அமைச்சராக இருந்த நான்கு வருடத்தையும் எடுத்து, மழைக்கால நாட்களாகப் பார்த்துப் புரட்டினாள். தும்மி அலுத்து மூன்றாவது புத்தகத்துக்கு வந்தபோது கிடைத்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு காலைக் கூட்டம். அரசுக் கட்டடங்களின் பராமரிப்புபற்றி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பேசியிருக்கிறார். வழக்கறிஞர், பெண். பேச்சின் நடுவே சுருக்கெழுத்தர் அடைப்புக்குள் இப்படி எழுதியிருந்தார்:

(உறுப்பினரின் இருக்கைமேல் கூரை ஒழுகியது. அவைத்தலைவர் இடம் மாறிப் பேசச் சொன்னார். உறுப்பினர் மறுத்தார்.)

மூன்று வரி தள்ளி:

(காலை 11.20. பொதுப்பணி அமைச்சர் எழுந்து வந்து உறுப்பினருக்குக் குடை பிடித்தார். சிரிப்பு.)

அதன்பின் ஏழு பக்கத்துக்கு அந்த உறுப்பினர் பொதுப்பணி அமைச்சரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். அமைச்சர் குடையை இறக்கியதாகக் குறிப்பு எங்கும் இல்லை.

உதவி ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தாள். காப்பகக் கண்காணிப்பாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அறையில் அவர் வேலைக்குச் சேர்ந்தபின் யாரும் சிரித்ததில்லையாம்.

ஒரு சான்று கிடைத்துவிட்டது. இன்னொன்று வேண்டும்.

அன்று அவையில் பேசிய அந்த வக்கீலம்மா அரசியலை விட்டுப் பல வருடமாகியும் வழக்கை விடவில்லை. நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் கட்டுக்கட்டாகக் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, தடித்த கண்ணாடி, கூர்மையான மூக்கு. கேள்வி கேட்கப் போனவளை அவரே குறுக்கு விசாரணை செய்தார்.

"யார் அனுப்பினது? அவர் கட்சியா?"

"இல்லம்மா. கலைக்களஞ்சியம்."

"அது எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லைங்க."

"அப்படின்னுதான் எல்லாரும் சொல்வாங்க. சரி, உக்காரு."

குடை என்றதும் அந்த முகம் ஒரு நிமிடம் இருபத்திரண்டு வருடம் பின்னால் போய் வந்தது.

"நாற்பத்தஞ்சு நிமிஷம் பிடிச்சாரு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என்ன திட்டினாலும் அசையல. கை நடுங்குது, ஆனா குடை நடுங்கல. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் கோபம் வந்து, பத்து நிமிஷம் கூடுதலாப் பேசினேன்."

"முடிச்சதும் நன்றி சொன்னீங்களா?"

"சொன்னா குறிப்புல ஏறிடுமே! அப்புறம் எங்க கட்சி என்னைச் சும்மா விடுமா? சொல்லாததுக்கே, எதிரி குடைக்குள்ள நின்னு பேசினவள்னு ஆறு மாசம் என்னை மேடையேத்தல. அவரை மட்டும் என்ன, அடுத்த மந்திரிசபை மாற்றத்துலயே பதவியிலேர்ந்து தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. எதிர்ல வந்தா ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம்."

"இதை எழுதலாமாம்மா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுது. ஆனா ஒழுகினது யார் கூரைன்னும் சேர்த்து எழுது. குடையை மட்டும் எழுதிட்டு ஓட்டையை விட்டீன்னா, அவர் மகான் ஆயிடுவார். ஓட்டையை மட்டும் எழுதினா அது எங்க கட்சி நோட்டீஸ். ரெண்டும் இருந்தாத்தான் அன்னிக்கு நடந்தது."

பதினேழு வருடத்தில் தன் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பேருந்தில் வரும்போதே அந்தப் பத்தியை எழுதிவிட்டாள். அதற்கு இடம் பண்ண ஆறு திறப்பு விழாக்களை வெட்டினாள்.

தலைமை ஆசிரியர் படித்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நல்ல மனிதர், படிப்பாளி. பெரிய இடத்திலிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. அமைச்சர் வீட்டம்மா நேத்து என்கிட்ட பேசினாங்க. குடை கூடாது, பாலம் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நாம ஏன் நடுவுல... 'மழைக்காலங்களில் மக்களுக்கு உதவினார்'னு பொதுவா போட்டுட்டா என்ன?"

"அது எந்த மழை சார், எந்த மக்கள்?"

"கேக்கறாளே," என்றார் அவர் சுவரிடம்.

உயிரோடு இருப்பவர் என்றால் வரைவை அவருக்கு அனுப்பிச் செய்திப் பிழை பார்க்கச் சொல்வது அங்கே விதி. பாலமும் இருந்த, குடையும் இருந்த அந்த வரைவை அவள் முன்னாள் அமைச்சரின் பெயருக்கே தபாலில் அனுப்பினாள். நான்கு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு மருமகன் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தார்.

"மாமா வர்றார். படியேறிட்டு இருக்கார். லிஃப்ட் வேலை செய்யல."

தலைமை ஆசிரியர் எழுந்து நின்றார். தொலைபேசி இல்லாமலே நின்றார்.

முன்னாள் அமைச்சர் ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் நின்று வந்து சேர்ந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். வாசலில் நின்று விட்டத்தைப் பார்த்தார், ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தக் கட்டடம் என் காலத்துலதான் கட்டினது. லிஃப்ட் அன்னிக்கே சரியில்ல," என்று சொல்லிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து வரைவையும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்தார். தாளில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தது.

"முதல்ல இது. இந்தப் பாலத்தை எடுத்துடுங்கம்மா."

"பாலத்தையா?" மருமகனின் குரல் உடைந்தது. "மாமா, அத்தை..."

"பாலம் எனக்கு முன்னாடி இருந்தவர் கொண்டுவந்தது. முக்கால்வாசி அவர் காலத்துலயே முடிஞ்சிடுச்சு. நான் கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு, நாடா வெட்டினேன்."

"கல்வெட்டுல உங்க பேர்தானே மாமா இருக்கு!"

"இருக்கும். நான்தானே வைக்கச் சொன்னேன்."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மருமகன்கூடச் சிரித்தார். சிரித்தபின்தான் மாமியார் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவது இது," என்று பெரியவர் குடைப் பத்தியின்மேல் விரலை வைத்தார். தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "நாற்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. தப்பு. முப்பத்தஞ்சுதான். கை வலிச்சது எனக்கு, எனக்குத் தெரியாதா?"

"மத்ததெல்லாம்?" என்று அவள் கேட்டாள்.

"மத்ததெல்லாம் சரி. கூரை ஒழுகினது, என் துறை, எல்லாம் சரி."

அவள் தொலைபேசியை எடுத்து வக்கீலம்மாவை அழைத்தாள். விஷயத்தைச் சொல்வதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"முப்பத்தஞ்சா? யார் சொன்னது?"

பெரியவர் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "நான்தான் சொன்னேன் வக்கீலம்மா."

மருமகன் அவளைப் பார்த்தார், அவள் தலைமை ஆசிரியரைப் பார்த்தாள்.

"உடம்பு எப்படி இருக்கு அமைச்சரே?" என்றது தொலைபேசி.

"இருக்கேன். முட்டிதான் வலி. நீங்க?"

"எனக்குக் கண்ணு. சரி, அதை விடுங்க. நாற்பத்தஞ்சு நிமிஷம்."

"முப்பத்தஞ்சு."

"கடிகாரம் பார்த்தவ நான்."

"குடை பிடிச்சவன் நான்."

அவள் இடையில் புகுந்தாள். "குடை வந்தது பதினொண்ணு இருபது, பேச்சு முடிஞ்சது பன்னெண்டுன்னு குறிப்புல இருக்குங்க. நான் கடைசிப் பக்கத்தை நேத்துத்தான் திரும்பப் போய்ப் பார்த்தேன். நாற்பது நிமிஷம். ரெண்டு பேரும் சொன்னது தப்பு."

இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் குறிப்போடு சண்டை போட முடியாது.

"ஒண்ணு கேக்கலாமாங்க?" என்றாள் அவள் பெரியவரிடம். "ஏன் பிடிச்சீங்க? அவங்க உங்களைத்தானே திட்டிட்டு இருந்தாங்க?"

"திட்டணும்னுதானே பிடிச்சேன்." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கூரையை மாத்தணும்னு மூணு தடவை கோப்பு அனுப்பினேன். என் ஆளுங்களே திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு இந்தம்மா பேச ஆரம்பிச்சப்போ, அடடா, இவங்க இன்னும் கொஞ்சம் பேசினா நம்ம வேலை முடிஞ்சிடும்னு தோணுச்சு. நனைஞ்சா உக்காந்துடுவாங்களேன்னு ஓடிப் போய்ப் பிடிச்சேன். அடுத்த மாசமே கூரை மாத்த உத்தரவு வந்துச்சு. என் பதவியும் கூடவே போச்சு, அது வேற."

தொலைபேசியில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு கத்தல். "அப்போ என்னை வச்சுக் காரியம் சாதிச்சுக்கிட்டீங்களா? இருபத்திரெண்டு வருஷமா உங்களைப் பெரிய மனுஷன்னு நெனச்சுட்டு இருந்தேனே!"

"நீங்க அப்படி நெனச்சது எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க பேசவே இல்லையே."

அதற்குமேல் அந்தப் பக்கம் சிரிப்புதான் கேட்டது. பெரியவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபின், "இதைச் சேர்த்துக்கலாமாம்மா?" என்று உதவி ஆசிரியையைக் கேட்டார்.

அவளுக்கு ஆசைதான். அவ்வளவு நல்ல செய்தியைப் பதினேழு வருடத்தில் தொட்டதில்லை. பென்சிலை எடுத்தாள், சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள், பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நீங்க மனசுல என்ன நெனச்சீங்கன்னு நீங்க மட்டும்தான் சொல்றீங்க. கோப்பு திரும்பி வந்ததுக்கு வேற சான்று இருக்கா?"

"கிழிச்சுப் போட்டிருப்பாங்க."

"அப்போ சேர்க்க முடியாதுங்க. கூரை மாத்த உத்தரவு வந்தது அரசிதழ்ல இருக்கும். தேதியோட அதைப் போடறேன். படிக்கறவங்க என்ன நெனைக்கணுமோ நெனைச்சுக்கட்டும்."

பெரியவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "என் துறையில உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா அந்தக் கூரை ஒழுகியிருக்காது," என்று சொல்லிவிட்டு எழுந்தார். மூன்று மாடியும் இறங்கும்வரை அவர் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

அச்சில் அந்தப் பத்தி இப்படி வந்தது: 'இவர் பொறுப்பிலிருந்த சட்டமன்றக் கட்டடத்தின் கூரை ஒழுகியபோது, இவரைக் குறைகூறிப் பேசிய எதிர்க்கட்சி உறுப்பினருக்கு நாற்பது நிமிடம் குடை பிடித்தார். குடைக்காரர் என்ற பெயர் அதனால் வந்தது. அடுத்த மாதம் கூரையை மாற்ற உத்தரவிடப்பட்டது. அதே மாதம் இவர் பதவி இழந்தார்.' பாலம் இல்லை. கணவன் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னான்.

தொகுதி வெளிவந்த வாரம் மூன்று பேரிடமிருந்து வசை வந்தது. முன்னாள் அமைச்சரின் கட்சி, எதிரியைப் பெருமைப்படுத்திவிட்டீர்கள் என்றது. வக்கீலம்மாவின் கட்சி, அமைச்சரைப் பெருமைப்படுத்திவிட்டீர்கள் என்றது. அமைச்சரின் மனைவி தொலைபேசியில் கால் மணி நேரம் பேசினார். பாலம் போனதைப்பற்றி அதில் ஒரு சொல் இல்லை. படம் சின்னதாக இருக்கிறதாம், போட்டிருக்கிற சட்டையும் அவருக்குப் பிடிக்காத சட்டையாம். தலைமை ஆசிரியர், "குடையை விடக் கூடாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேனே," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் மறுக்கவில்லை.

யாரும் எதிர்பாராதது அதற்கப்புறம் நடந்தது. முன்னாள் அமைச்சரும் வக்கீலம்மாவும் ஏழாம் தொகுதியை முதலிலிருந்து கடைசிவரை படித்து, தொலைபேசியில் பேசிப் பேசி, மற்ற அரசியல்வாதிகளின் கட்டுரைகளில் முப்பத்தொரு பிழை கண்டுபிடித்து, இருவர் கையெழுத்தும் போட்டு ஒரே கடிதமாக அனுப்பினார்கள். இருபத்தெட்டு பிழை உண்மையான பிழைதான். தலைமை ஆசிரியர் வெட்கப்பட்டு, எட்டாம் தொகுதியின் வரைவுகளைப் பார்த்துத் தர இருவரையும் கேட்டுக்கொண்டார்.

இப்போது வாரத்துக்கு ஒரு காலை அவர்கள் வருகிறார்கள். லிஃப்டையும் சரிசெய்தாகிவிட்டது, பெரியவர் தினமும் ஒரு கடிதம் போட்டு ஆளை வரவழைத்தார். நீளமான மேசையின் இரு முனையில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு வரைவுக்கும் கத்துகிறார்கள். ஒருவர் 'தியாகி' என்றால் மற்றவர் 'எத்தனை நாள் சிறை, தேதி சொல்லுங்க' என்பார். பக்கத்து அறைக்காரர்கள் முதலில் புகார் சொன்னார்கள், இப்போது கதவைத் திறந்துவைத்துக் கேட்கிறார்கள்.

போன வாரம் பழைய அவைத்தலைவர் ஒருவரின் கட்டுரை வந்தது. பெரியவர் படித்துவிட்டு, "இது சரியா இருக்கு," என்றார். வக்கீலம்மாவும், "ஆமாம், ஒரு எழுத்துக்கூட மாத்த வேண்டாம்," என்றார்.

இருவரும் ஒத்துப்போனதைப் பார்த்ததும்தான் உதவி ஆசிரியைக்குச் சந்தேகம் வந்தது. வரைவைப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே காப்பகத்துக்குக் கிளம்பினாள்.